அரை சென்டிமீட்டர்

“கண்ணு முழிச்சிருச்சுன்னா அப்படியே கெட. எந்திரிச்சுத் தொலைச்சுராதலே!”

மொக்கைச்சாமி மகனின் மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார். கட்டிலில் கிடந்த முகேஷ்குமார் தலையை மட்டும் ஆட்டினான். காலில் கொசு கடித்தது. அதைக்கூட அவன் அடிக்கவில்லை. அடிக்க வேண்டுமென்றால் உட்கார வேண்டும்.

அன்று அவனுக்கு உயரம் அளக்கும் நாள்.

எல்லைக் காவல் படையில் எழுத்தர் வேலை. எல்லை இருக்கும் திசைக்கே போக வேண்டாம், துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். சம்பளப் பட்டியல் அடிக்க வேண்டும், லீவு கேட்கிறவனுக்குப் பதில் அடிக்க வேண்டும், கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் முகேஷ்குமார் தேறிவிட்டான். தட்டச்சில் அவன் விரல் போன வேகத்தைப் பார்த்து மேற்பார்வையாளரே பக்கத்தில் வந்து நின்றார். உடம்பு மட்டும்தான் பாக்கி. அந்த உடம்பு நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தட்டுகிறவனுக்கு எதற்கு உயரம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த விதியை எழுதிய புண்ணியவான் நெட்டையாக இருந்திருப்பான், வேறென்ன?

முகேஷ்குமாருக்கு அரை சென்டிமீட்டர் குறைந்தது.

திண்டுக்கல்லில் ஓர் எலும்பு டாக்டரிடம் போய் நின்றார்கள். அவர் ஊசி போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. “ராத்திரி படுத்தா முதுகெலும்பு நீளும். நின்னா, நடந்தா சுருங்கும். காலையில எல்லாருமே கொஞ்சம் உயரம்தான், போங்க” என்றார். ஆளை அனுப்பிவைக்கச் சொன்ன பேச்சு அது. அந்த வீட்டில் அது வேதவாக்காகிவிட்டது. மறுநாள் எழுந்தவுடன் சுவரில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். நூற்று அறுபத்தைந்தைத் தொட்டு, ஒரு மயிரிழை மேலேயும் போயிருந்தது. சம்பங்கித் தோட்டத்துக்குப் போய் வந்த பிறகு அளந்தார்கள். பழையபடி அரை சென்டிமீட்டரைக் காணோம்.

“அப்ப ஒண்ணுதான் வழி. படுக்கையிலேருந்து எந்திரிக்காமலே இவனை அங்க கொண்டுபோய்ச் சேக்கணும்” என்றார் மொக்கைச்சாமி.

தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து மதுரை தாண்டி இருக்கும் மைதானத்துக்கு ஒருவனைப் படுக்கவைத்தே கொண்டுபோவது என்றால் விளையாட்டா? ஆனால் இந்த வருசத்தோடு அவனுக்கு வயசு வரம்பு முடிகிறது. இதை விட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்தே காலம் போக வேண்டியதுதான்.

காலைக்கடன் எப்படி முடிந்தது என்பதை இங்கே சொல்வதற்கில்லை. முடிந்தது. நிற்காமல் முடிந்தது.

சிநேகிதன் அல் அமீன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவன் அத்தா ஜெகபர் அலி கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். அண்டா ஏற்றுகிற வண்டி.

கட்டிலோடு தூக்கினார்கள். நிலைப்படியில் அம்மா அய்யம்மாள் மறித்துக்கொண்டாள்.

“காலை முன்னால வச்சா கொண்டுபோறீக? எம்புள்ளைய என்னன்னு நெனச்சீக? திருப்புங்க!”

திருப்பினார்கள். தலை நிலையில் இடித்தது.

“மண்டை வீங்கினா அதையும் சேத்து அளப்பாங்கல்ல மாப்ள?” என்றான் அல் அமீன். யாரும் சிரிக்கவில்லை. மொக்கைச்சாமி ஒரு கணம் யோசித்தார் என்பதுதான் உண்மை.

வண்டியில் படுக்கவைத்ததும் முகேஷ்குமாருக்குக் குமட்டியது. முந்தின நாள் பிரியாணி வாசம் பலகையிலேயே ஊறிக் கிடந்தது.

“வாந்தி வருதும்மா.”

“ஆத்தீ! வாந்தி எடுக்க எந்திரிக்கணுமே!” அய்யம்மாள் உள்ளே ஓடி ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி, வாழைப்பழத்தில் குத்தி அவன் தலைமாட்டில் வைத்தாள். வாசம் அடங்கியது.

கிளம்பிய சற்று நேரத்தில் வெயில் முகத்தில் அடித்தது. மொக்கைச்சாமி தன் வெள்ளைத் துண்டை எடுத்து மகன் முகத்தை மூடினார். காற்றில் துண்டு பறந்தது. பெருமாளுக்குச் சாத்த அய்யம்மாள் கட்டிக் கொடுத்த சம்பங்கி மாலை பையில் இருந்தது. திரும்பி வரும்போது சாத்திக்கொள்ளலாம் என்று அதை எடுத்துத் துண்டின் மேல் பாரமாகப் போட்டார். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவன் கால்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடின. பூக்கட்டுகிற வாழைநாரால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்.

ஒவ்வொன்றும் ஒரு நியாயத்துக்காகச் செய்ததுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் அந்த வண்டியில் ஆளில்லாமல் போய்விட்டது.

திண்டுக்கல்லுக்குள் நுழைந்ததும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்தார். டவுன் பஸ் ஒதுங்கி வழி விட்டது.

“ரோட்டையே நமக்குன்னு விட்டுட்டாங்கப்பா” என்று முன்னாலிருந்து கத்தினான் அல் அமீன். “இன்னிக்கு எல்லாம் நல்லபடியா அமையுது.”

சிக்னலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“யாருங்கய்யா?”

“எம் மகன்.”

“வயசு?”

“வயசுதான்யா பிரச்சினை. இந்த வருசத்தோட முடியுது.”

“என்ன ஆச்சு?”

சிக்னல் விழுவதற்குள் முதுகெலும்பைப் பற்றி எல்லாம் எப்படி விளக்குவது? “என்னத்தச் சொல்ல. அரை சென்டிமீட்டரு” என்றார் மொக்கைச்சாமி.

“நெஞ்சுல அடைப்பா?” அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “இப்பெல்லாம் சின்ன வயசுலயே வருது. பையன் குணம் எப்படி?”

மொக்கைச்சாமிக்கு அந்தக் கேள்வி புதிது. அவரிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

“நல்ல பயய்யா” என்றார். “ஒரு சொல்லு எதுத்துப் பேசுனதில்ல. பூப் பறிச்சுப் போட்டுட்டு, கடைக்கும் போய்ட்டு, அதுக்கு மேல உக்காந்து படிப்பான். நாந்தான் ஒரு நாளும் வாயைத் தொறந்து அவன்ட்ட சொன்னதில்ல.”

துண்டுக்கு அடியில் முகேஷ்குமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அந்த வாயிலிருந்து இதுவரை அவன் கேட்டதெல்லாம் ‘தண்டச்சோறு’ ஒன்றுதான். கண்ணீர் இரு பக்கமும் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்க மனசில்லை. தூக்கினால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது. இந்த வேலையை எப்படியாவது வாங்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது அவன் நினைத்ததைப்போல் அதற்கு முன்னால் நினைத்ததில்லை.

சின்னாளப்பட்டியில்தான் வினை வந்தது.

அங்கே சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தவர் மதியழகன், அய்யம்மாளின் தம்பி. கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் வண்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். வாளி கையிலிருந்து நழுவியது. அப்படியே மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பின்னால் வந்தார். ஒரு கையில் வண்டி, ஒரு கையில் போன். போனில் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, ஊர் தாண்டி வண்டியை மறித்தார்.

“மச்சான்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மச்சான்!”

“ஏப்பா, கத்தாத. அவன் உசுரோடதான் இருக்கான்.”

“இருப்பான் மச்சான்! நம்ம மனசுல என்னைக்கும் உசுரோடதான் இருப்பான்!”

“யோவ், நெசமாவே இருக்கான்யா!”

“உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே மச்சான்!” மதியழகன் வண்டியின் பக்கப்பலகையில் தலையை முட்டிக்கொண்டார். “கட்டையன் கட்டையன்னு அவனைக் கேலி பண்ணுவேனே. தங்கமான பயலாச்சே. என்னையப் பாத்து இனிமே யாரு மாமான்னு கூப்புடுவா?”

இதற்கு மேல் சும்மா இருப்பது பாவம் என்று முகேஷ்குமாருக்குத் தோன்றியது. எழாமல், துண்டை மட்டும் ஒதுக்கி, “மாமா, நான் கூப்புடுறேன் மாமா” என்றான்.

மதியழகன் அவனைப் பார்த்தார். நின்ற நிலையில் பின்னால் சாய்ந்து ரோட்டோரத்தில் விழுந்தார்.

தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தது. இடுப்புதான் பிடித்துக்கொண்டது. எழுப்பி உட்காரவைத்தால் அலறினார். அவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா? அவரையும் தூக்கி முகேஷ்குமார் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். மதுரையில் யாராவது வைத்தியரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

“ஒரு ஆளை ஏத்துனோம், ரெண்டாச்சு. இப்படியே போனா இன்னொரு வண்டி பிடிக்கணும்ப்பா” என்றான் அல் அமீன்.

அப்போது மொக்கைச்சாமியின் போன் அடித்தது. அய்யம்மாள்.

“கன்னிவாடியிலேருந்து சொந்தக்காரவுக வேன் எடுத்துக்கிட்டு ஒப்பாரி வைக்க வாராகளாம்! எவன் சொன்னான் எம்புள்ள போய்ட்டான்னு?”

“உன் தம்பிதான். அவன் படுத்திருக்கிறதைப் பாத்துட்டு...”

“படுக்க வச்சவளே நாந்தானே! அந்த எடுபட்ட பய வாயில கொள்ளிய வைக்க. போனை அவன்ட்ட குடுங்க!”

“அவனும் படுத்திருக்கான்.”

“அவன் எப்படியும் போறான். எம்புள்ள எந்திரிச்சுட்டானா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“எந்திரிக்க விடாதீக. வாரவுகள நான் பாத்துக்கிறேன். சோறு வேற ஆக்கணும்.”

வண்டி கொடைரோடு தாண்டி மதுரையைப் பார்த்து ஓடியது. மதியழகன் அவ்வப்போது கையை நீட்டி மருமகன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சூடாகத்தான் இருந்தது. “ஏலே, நெசமாவே இருக்கியா?” என்பார். “இருக்கேன் மாமா” என்பான். திரும்பவும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

மதுரையில் வைத்தியரிடம் இறங்குவீர்களா என்று கேட்டதற்கு, “மாப்ள பாஸாகுறதைப் பாத்துட்டுத்தான் இடுப்பு” என்று சொல்லிவிட்டார்.

மைதானத்துக் கதவை அவர்கள் எட்டியபோது நேரம் கடந்துவிடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் புளியமரங்களுக்குக் கீழே வரிசையாகக் காரும் வேனும் ஆட்டோவும் நின்றன. ஓர் ஆம்புலன்ஸ் கூட நின்றது. அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் மொக்கைச்சாமி இல்லை. வண்டியை விட்டு இறங்கி, தோளில் துண்டு இல்லாததால் வெறும் கையைக் கட்டிக்கொண்டு, கதவருகே நின்ற காவலர் முன்னால் போய் நின்றார். மீசை வைத்த தமிழ்க் காவலர். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

“ஐயா, எம் மகன் எழுத்தர் வேலைக்கு வந்திருக்கான். படிப்பெல்லாம் பாஸ். உசரந்தான் ஒரு அரை சென்டிமீட்டர் இழுக்குது. காலையிலேருந்து தரையில காலை வைக்க விடாமக் கொண்டாந்திருக்கோம். வண்டியோட உள்ள விட்டீகன்னா, அளக்குற கட்டைக்கிட்டயே இறக்கி நிப்பாட்டிருவோம். இது அவனுக்குக் கடைசி வருசங்கய்யா. உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

காவலர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வண்டியை எட்டிப் பார்த்தார். ஊதுபத்தி, மாலை, வாழைநார், அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மதியழகன் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஆச்சரியமும் தெரியவில்லை. முகேஷ்குமார் துண்டை ஒதுக்கி, படுத்தபடியே அவருக்கு வணக்கம் வைத்தான்.

காவலர் திரும்பி, மரத்தடி வண்டிகளுக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“படுத்துக்கிட்டு வந்தவங்க எல்லாரும் எந்திரிச்சு வாங்கப்பா! வருசா வருசம் நீங்க இப்படி வாறதைப் பாத்துத்தான், இந்தத் தடவை முதல்ல ஒரு மைல் ஓடவிட்டு அப்புறம் உயரம் அளக்கச் சொல்லிட்டாங்க.”