மண்ணீரலுக்கு ஓய்வு

"உன் உடம்பை நீ உள்ளேயிருந்து கவனி. அடுத்தவன் உடம்பை…" என்று மிஸ்டர் லிம் அடிக்கடி சொல்வார். அடுத்தவன் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. பினாங்கில் அவருடைய சீன மருந்துக் கடையில் வேர்களையும் காய்ந்த பூக்களையும் நிறுத்துப் பொட்டலம் கட்டிப் பல வருடம் ஓட்டியவன் நான். கிழவர் பேசும்போதெல்லாம் கண் தராசு முள்ளில் இருந்ததால், பாதிப் பேச்சுத்தான் மண்டையில் ஏறியது. அந்தப் பாதியை நம்பித்தான் போன மாதம் என் மனைவி ஜீவராணியோடு மோதப் போனேன்.

விஷயம் இதுதான். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி ஜீவராணியைக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் படிக்கக் கொழும்புக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லாமல், தொட்டியில் வளர்த்த வெங்காயத் தாளோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

எனக்கோ ஒரே கவலை. மத்தியானச் சோறு.

பினாங்கில் நானே சமைத்து நானே தின்று நானே குறை சொல்லி அலுத்துப்போய் ஊர் திரும்பியவன் நான். இனி உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுவது என்று சபதமே எடுத்திருந்தேன். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தமிழிலும் படித்தேன், இங்கிலீஷிலும் படித்தேன். இரண்டிலும் இதைச் சொல்ல ஒரு கௌரவமான வசனம் கிடைக்கவில்லை. ஆகவே சீனாவை உதவிக்கு அழைத்தேன்.

"ஜீவா, உனக்குள்ள சீ கொறைவா இருக்கு."

"யாரப் பாத்து சீங்கிறீங்க?"

"சீன்னா உயிர்ச்சக்தி. சீனாக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. தன்னோட சக்தி எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு மனுசன் கவனிக்கணும். நாளெல்லாம் அது ஒவ்வொரு உறுப்பா சுத்தி வரும். விடிய நுரையீரல், பகல்ல இதயம். எங்க நாக்க நீட்டு."

நீட்டினாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்த நாக்கு அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நிறம் வெளுத்துத்தான் இருந்தது. ஓரத்தில் பல் பதிந்த தடம் வேறு. எனக்கே திகைப்பு. பொய் சொல்லப் போன இடத்தில் கொஞ்சம் உண்மையும் அகப்பட்டிருக்கிறது!

"மண்ணீரல் களைச்சுப் போயிருக்கு. இந்த நெலமையில ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சின்னா அவ்வளவுதான்."

"அப்ப என்னாங்க செய்யணும்?"

"ஓய்வு. பூரண ஓய்வு. நேரத்துக்குச் சூடா சாப்பாடு."

சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தீட்டி வைத்திருந்தேன். வரவில்லை.  நேரே உள்ளே போனாள். கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

"ஏய், அடுப்பு இன்னும் மூட்டலியே?"

"ஓய்வுன்னீங்களே."

"அது… வேலைக்குப் போகாத ஓய்வு."

"மண்ணீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமாங்க?"

தெரியாது. மிஸ்டர் லிம் அதைப்பற்றிச் சொன்னதாக நினைவில்லை.

தேங்காய் துருவினேன், விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். பருப்பு அடிப்பிடித்தது. மத்தியானம் பாத்திரங்களைக் கண்ணால் காட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இது இதயத்தோட நேரமுங்க. நீங்கதான் சொன்னீங்க. இந்த நேரத்துல நான் எந்திரிக்கலாமா?"

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. குழாயடியில் ஜீவராணியைக் காணவில்லை என்பதைப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் அழகம்மா அக்கா கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் லயமே பார்க்க வரும். பாண் ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டு வரும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் அது பெரிய மரியாதைக் குறைவு.

மலையிலிருந்து இறங்கியதும் முதலில் அழகம்மா அக்கா வந்தார். பின்னால் அவருடைய கொழுந்துக் கூட்டமே வந்தது.

"என்னா புள்ள, மேலுக்கு முடியலியா?"

"சக்தி எறங்கிப் போச்சாங்க்கா," ஜீவராணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இவருதான் நாக்கப் பாத்துக் கண்டுபிடிச்சாரு. பினாங்குல கத்துக்கிட்டது."

"அப்படியா தம்பி? என் நாக்கயும் பாருங்க!"

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி, நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அத்தனையும் வெளுப்பு. அத்தனையிலும் பல் தடம்.

"எங்களுக்கும் ஓய்வு வேணுமா தம்பி?"

"வே… வேணும்தான்."

"அப்ப கங்காணிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க. நாங்க சொன்னா ஏசுவாரு."

தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் அடுப்பங்கரைக்குள் ஓடினேன். அங்கேயும் விட்டார்களா? "என்னா தம்பி, சாயமே எறங்கலியே. தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு இப்படியா ஊத்துறது?" அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் மேல்லயமும் வந்தது. வீட்டில் பிஸ்கட் மலையாகக் குவிந்தது. கழுவாத கோப்பைகளும் குவிந்தன.

சனிக்கிழமை காலை பொறுமை செத்துவிட்டது.

"ஜீவா, நாக்க நீட்டு. அடடா! நல்லா செவந்துருச்சு! சுகமாயிருச்சு! எந்திரி."

கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தாள்.  "நெசமாவா? அப்ப வேலைக்கு வாரேன்னு சொல்லிறவா?"

"பொறு, பொறு. ஓரத்துல இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கு."

கம்பளி மறுபடி தலைக்குமேல் ஏறியது.

அப்போதுதான் உறைத்தது. சுகம் என்றால் வேலைக்குப் போவாள். சுகமில்லை என்றால் படுத்துக்கொள்வாள். இரண்டு பாதையும் ஒரே அடுப்பங்கரையில் போய் முடிகின்றன, அங்கே நான் நிற்கிறேன்.

மிச்சம் ஒரே ஒரு வழிதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஜீவா, எனக்கும் சக்தி எறங்கிட்ட மாதிரி இருக்கு."

எழுந்து வந்தாள். டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். "நல்லா நீட்டுங்க. ஐயோ பாவமே! என்னோடதவிட வெளுத்துல்ல கெடக்கு."

எனக்கு உள்ளுக்குள் தேனாகப் பாய்ந்தது. "அப்ப எனக்கும் ஓய்வுதானே?"

"பின்ன? பூரண ஓய்வு. வெளியில எங்கயும் அலையக் கூடாது. வீட்டோடயே இருங்க. நான் சம்பாதிச்சு உங்களப் பாத்துக்கிறேன்."

"சரி, சமையல்?"

"நேரத்துக்குச் சூடா சாப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளைக் காம்பராவுல இருந்துக்கிட்டு நான் எப்படிங்க சூடா தாரது? நீங்க அடுப்புப் பக்கத்துலயே இருந்தா, எறக்குன ஒடனே சாப்பிடலாம். எனக்கும் மத்தியானத்துக்கு ஒரு பெட்டியில போட்டுக் குடுத்து அனுப்பிருங்க. என் மண்ணீரலும் இன்னும் முழுசா தேறல பாருங்க."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒங்க இஷ்டம். ஒங்களுக்கு மேலுக்கு முடியலன்னு அழகம்மா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். பாவம், கேள்விப்படாம இருந்தா கோவிச்சுக்குவாங்க."

செருப்பை மாட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தேன். கூடைகளோடு பெண்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அழகம்மா அக்கா தற்செயலாக எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கையசைத்தார்.

ஜீவராணி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று நான் முடிவு செய்தேன்.