வாசலில் நின்ற குச்சி ஐஸ்

பனிக்கட்டிக்கு மரியாதை தெரியாது. யார் வீட்டு விசேஷம், யாருடைய சீர், மாப்பிள்ளையின் முறுக்கு எந்த அளவில் இருக்கிறது என்பதையெல்லாம் அது விசாரிப்பதில்லை. வெயில் பட்டால் உருகிவிடும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, குளிர்பதனம் பற்றிய தடித்த புத்தகங்களைப் படித்திருந்த எனக்கு, இந்த எளிய செய்தி திருவிடந்தையில் ஒரு மண்டபத்து வாசலில், பட்டுப்புடவையோடு நின்றபோதுதான் முழுமையாக விளங்கியது.

அந்த ஆண்டுதான் படூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் குச்சி ஐஸ் செய்து விற்கத் தொடங்கியிருந்தேன். எவர்சில்வர் அச்சில் பழச்சாற்றை ஊற்றி, பாதி உறைந்ததும் குச்சியை நடுவில் நிறுத்த வேண்டும். முந்தினால் குச்சி சாய்ந்துவிடும், பிந்தினால் இறங்காது. முழுதும் உறைந்தபின் அச்சைத் தண்ணீரில் ஒரு கணம் முக்கி, ஆடும் பல்லைப் பிடுங்குகிற பதத்தில் இழுக்க வேண்டும். பிறகு உறையில் இட்டு, வாயைச் சூடு காட்டி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. (தொடக்கத்தில் குச்சி மட்டும் தனியே கையோடு வந்த நாட்களும் உண்டு. அவற்றைப் பயிற்சிக் காலம் என்று சொல்லிக்கொண்டேன்.)

அப்போதுதான் என் நாத்தனார் செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் என்ற முறையில் சீர் எடுத்துப்போய், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் என் கணவர். ஆனால் செல்வியின் கணவர் ஏழுமலை எங்களோடு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவர்கள் புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் கொண்டுபோன சீர், கேளம்பாக்கம் நெரிசலில் சிக்கி, பந்தியே முடிந்தபின் போய்ச் சேர்ந்தது. அதை அவர் மறக்கவில்லை.

செல்வி தொலைபேசியில் அழாத குறை. "அண்ணி, இந்த தபாவும் எதுனா ஏடாகூடமாச்சுன்னா, அவரு பெரியப்பா பையன் மடியில வச்சிதான் குத்துவேன்னு சொல்லிகினு கீறாரு. அப்புறம் எங்கண்ணன் இந்த வாசப்படி மிதிக்குமா?"

பின்னாலிருந்து யாழினி கத்தினாள். "அத்த! குச்சி ஐஸ் எட்தாந்தாதான் காது குடுப்பேன்!"

ஓர் அண்ணனும் தங்கையும் பிரியாதிருக்க வேண்டும். ஒரு குழந்தை அழாதிருக்க வேண்டும். இரண்டையும் என் குச்சி ஐஸே முடித்து வைக்கும் என்று நான் உளமார நம்பினேன்.

"பொட்டியில போட்டு வண்டியில வச்சிட்டா போதுமே," என்றார் கணவர்.

"சீர் என்றால் தட்டில்தான் வரவேண்டும்," என்றேன். என் அறிவின் உச்சம் அந்த வாக்கியம்.

உப்பு கலந்த பனிக்கட்டி வெறும் பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சியானது. இது அறிவியல். ஆகவே பெரிய தாம்பாளத்தில் அதைப் பரப்பி, மேலே மாம்பழமும் ரோஜாவுமாக ஐஸ்களை அடுக்கினேன். குச்சிகள் வெளியே தெரிந்தால்தான் சீருக்கு அழகு என்பதால் உறைகளின் வாயை ஒட்டாமல் மஞ்சள் நூலால் கட்டினேன். மற்ற தட்டுகளைப் போல இதையும் பளபளக்கும் கண்ணாடித்தாளால் மூடி, உச்சியில் ரிப்பன் முடிந்தேன். வெயிலில் நான் தூக்கிச் செல்லவிருந்தது ஒரு சிறிய அடுப்பு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தட்டை அப்படியே பெரிய ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், பெருமாள் கோயிலருகே வெளியே எடுத்தோம். மேளம் முன்னே செல்ல, உறவுப் பெண்கள் பழம், பூ, பாவாடைத் தட்டுகளோடு நடக்க, நான் நடுநாயகமாக ஐஸ் தட்டோடு நடந்தேன். மண்டபம் கூப்பிடு தூரம்தான். உரிய நேரத்துக்கும் முன்பாகவே வாசலை அடைந்துவிட்டோம்.

வாசலில் யாரும் இல்லை.

பெண்ணின் தகப்பன் வந்து சந்தனம் கொடுத்து அழைக்காமல் சீர் உள்ளே நுழையக் கூடாது. தட்டைத் தரையில் வைக்கவும் கூடாது. ஏழுமலை உள்ளே நாற்காலியில் சாய்ந்திருப்பது கதவு வழியே நன்றாகத் தெரிந்தது. அவர் சட்டைக்கையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அன்னிக்கு நாங்க காத்துகினு இருந்தோமில்ல? இன்னிக்கு அவுங்க கொஞ்சம் நிக்கட்டும்," என்று யாரிடமோ சொன்னது வெளியே வரை கேட்டது.

முழங்கை வழியாக முதல் துளி இறங்கியது. ரோஜா நிறம். அடுத்தது மாம்பழம். 'சீக்கிரம் வாருங்கள், சீர் உருகுகிறது' என்று சொல்லும் வழக்கம் தமிழர் வரலாற்றில் இல்லை. என் கணவர் நேரே பார்த்து நின்றார், நானும் நின்றேன். வீடியோக்காரர் மட்டும் அருகில் வந்து, "சிரிங்கக்கா," என்றார். (சிரித்திருக்கிறேன். பதிவு இருக்கிறது.)

மேளக்காரர்கள் களைத்து நிறுத்திய பிறகு ஏழுமலை எழுந்து வந்தார். சந்தனம் கொடுத்தார். தட்டுகள் சபையில் வைக்கப்பட்டன. யாழினி ஓடிவந்து என் தட்டின் கண்ணாடித்தாளைக் கிழித்தாள்.

இளஞ்சிவப்பு நீரில் குச்சிகள் மிதந்தன.

குழந்தை ஒரு துண்டைத் தேடி எடுத்து நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து வீறிட்டாள். நூல் கட்டிய இடுக்கு வழியே உப்புநீர் புகுந்திருந்தது. ஏழுமலை விரலால் தொட்டு நக்கினார்.

"இன்னாக்கா இது? கடல் தண்ணில குச்சி போட்டு எட்தாந்துகிறீங்க? எங்க ஊர்ல கடல் இல்லன்னு நெனச்சிகினீங்களா?"

சபை சிரித்தது. என் கணவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படத் தயாரானார். பெரியப்பா மகன் மடியைச் சரிசெய்துகொண்டான்.

அதுவரை தலைகுனிந்திருந்த செல்வி எழுந்தாள்.

"சிரிக்கிறியா? அன்னிக்கு சீரு லேட்டாச்சுன்னு இத்தினி நாளா ஊர் ஊரா பேசிகினு இருந்தே. இன்னிக்கு மேளம் கொட்டிகினு நேரத்துக்கு முன்னாலயே வந்துச்சே, அந்த சீர வெயில்ல நிக்க வச்சது யாரு? எங்கண்ணி கட்டியாத்தான் கொண்டாந்துச்சு. நீதான் தண்ணியாக்குன!"

சிரிப்பு நின்றது. சபையிலிருந்து யாரோ, "நாயந்தானப்பா," என்றார்.

ஏழுமலை தட்டைப் பார்த்தார். சாயம் வழிந்த என் புடவையைப் பார்த்தார். அழுகிற மகளைப் பார்த்தார். வெளியே போய் வண்டியை எடுத்தார். திரும்பி வந்தபோது மாமல்லபுரம் சாலையில் நின்ற குச்சி ஐஸ்காரர் பின்னிருக்கையில் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு மச்சான்," என்றார் என் கணவரிடம். "காது குத்தறவரு எம்மா நேரம் நிப்பாரு?"

மாமன் மடியில், கையில் குச்சி ஐஸோடு, யாழினிக்குக் காது குத்தியாயிற்று. ஐஸ் இருந்தும் அழுதாள். ஏழுமலையும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றும் எங்கள் இரு வீடுகளிலும் கதவைத் திறக்கத் தாமதமானால், வெளியில் நிற்பவர் "சீரு உருகுது!" என்றுதான் கத்துவார். அண்மையில் யாழினியின் தம்பிக்குக் காதுகுத்து. எங்கள் வண்டி திரும்புவதற்குள் ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு நடுச்சாலையில் நின்றிருந்தார். மேளக்காரர்கள்கூட இன்னும் வந்திருக்கவில்லை.

"வாங்கக்கா, ஓடியாங்க!" என்று என் கையிலிருந்த தட்டைத் தாமே பிடுங்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்.

அந்தத் தட்டில் இருந்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு.