பொருத்தம் அண்ணாச்சி திருப்பி வைத்த மிஷின்

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷப்படுகிற கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் ராஜபாளையத்தில் ரம்ப பிளேடு விற்கிறார். பெயர் என்னவோ இருக்கிறது, ஊருக்கு அவர் பொருத்தம் அண்ணாச்சி.

மிஷினின் ஜாதகம் இல்லாமல் அவரிடம் பிளேடு கேட்கக் கூடாது. பிளேடின் நடு ஓட்டை எத்தனை மில்லி, மோட்டார் எத்தனை ஆர்.பி.எம்., பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு எத்தனை கனம் என்று வரிசையாகக் கேட்பார். ஒன்று தெரியவில்லை என்றாலும், "பொண்ணு யாருன்னே தெரியாம மாப்பிள்ளை பாக்க வந்துட்டீராக்கும்? போயி அளந்துட்டு வாரும்" என்பார். தளவாய்புரத்துக்காரர் ஒருவர் ஒரே பிளேடுக்காக மூன்று தடவை பஸ் ஏறினார். மூன்றாவது தடவை மிஷினில் விவரம் பொறித்து ஒட்டியிருந்த தகரச் சீட்டையே பெயர்த்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

கூமாப்பட்டியிலிருந்து வந்தவர் கதை இன்னும் மோசம். பத்து இஞ்ச் மிஷினுக்குப் பன்னிரண்டு இஞ்ச் பிளேடு கேட்டார்.

"பெருசா இருந்தா நல்லதுதானே அண்ணாச்சி?"

"உம்ம காலு ஏழு. பத்தாம் நம்பர் செருப்பு வாங்கிப் போட்டுட்டு வயல்ல நடப்பீரா?"

"சரி, பல்லாவது நெறைய உள்ளதாக் குடுங்க."

"வேப்பம்பலகைய நீளவாட்டுல கிழிக்க எதுக்குய்யா அறுபது பல்லு? இருபத்திநாலு போதும். அறுபது பல்லு பிளைவுட்டுக்கு. இதப் போட்டீருன்னா மரம் அறுபடாது, கருகும். கரி யாவாரம் பண்ணப் போறீரா?"

அவர் ஒன்றும் வாங்காமல் போனார். அண்ணாச்சி அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். "முப்பது வருசத்துல எங்கையால ஒரு பிளேடு தப்பாப் போனதில்ல, தெரியும்லா?" என்று டீக்கடைக்காரரிடம் வேறு சொல்லிக்கொண்டார்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஷிஃப்ட் வேலை அலுத்துப்போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் சொந்தமாகக் கதவு, ஜன்னல் செய்யலாம் என்று மேஜை நடுவில் பிளேடு சுழல்கிற டேபிள் சா மிஷினைப் புதிதாக வாங்கினேன். என் மாமியார் மிஷினைப் பார்த்ததுமே என்னைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, விரலு போயிட்டா எம்மக கதி என்ன? நல்ல நேரத்துல மொத மரம் அறுக்கணும். அதுல ஏதாச்சும் தடங்கல் வந்துச்சுன்னா, மிஷினு வந்த வண்டியிலயே திரும்பிப் போயிரும். நீங்க மில்லுக்குப் போயிருங்க."

என் மனைவியும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். ஆக, என் பிழைப்பு முழுவதும் அந்த முதல் பலகையில் இருந்தது.

பூஜையன்று உறவுக்காரர்கள் இருபது பேர். ஜாதகமெல்லாம் பார்த்துப் பிளேடு கொடுத்த பொருத்தம் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தேன். பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் அறுத்தாக வேண்டும். தாம்பாளத்தில் இருந்த பிளேடில் அத்தை சந்தனத்தால் பிள்ளையார் சுழி போட்டு, குங்குமம் வைத்து என்னிடம் நீட்டினார். "பொட்டு கிழக்கப் பாத்து இருக்கணும், மாப்பிள்ளை."

நானும் பயபக்தியோடு பொட்டு கிழக்கே தெரிகிற மாதிரி மாட்டி, நட்டை முறுக்கினேன். இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவன்தான். ஆனால் மாமியார் பக்கத்தில் நின்று மணியடிக்கும்போது பிளேடின் பல் எந்தப் பக்கம் என்றா தோன்றும்?

சூடம் காட்டி முடித்த சமயத்தில்தான் அண்ணாச்சி தன் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார். மிஷினை ஒரு பார்வை பார்த்தார். நேராக வந்து என் காதருகே குனிந்தார்.

"என்னலே, பல்லு உன்னயப் பாக்காம செவுத்தப் பாக்குது? சுவிட்சப் போட்டா பொகதாம்லே வரும்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "பூஜை போட்ட பிளேடக் கழட்டுனா அபசகுனம்பாங்க, அண்ணாச்சி. மிஷினையே அனுப்பிருவாங்க. நான் திரும்ப மில்லுக்குத்தான் போகணும்."

அண்ணாச்சி பொட்டைப் பார்த்தார். என் மாமியாரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார், பதினொன்று ஐந்து. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

"தாயி, தப்பு எம்மேல. தம்பிக்கு மிஷின் வைக்கிற திசைய நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். தெக்கப் பாத்து நின்னு அறுக்கப்படாது. வடக்கப் பாக்கணும், குபேரன் திசை. செத்த நேரம் பொறுங்க, மிஷின அப்படியே திருப்பிருவோம்."

அத்தையின் முகம் மாறியது. "பிளேடக் கழட்டணுமா?"

"பிளேட வச்சுக்கிட்டு மிஷினத் தூக்கினா ஆளு கையக் கிழிச்சிரும் தாயி. மறுபடி மாட்டும்போது பொட்டு கிழக்கதான் பாக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

கை கிழியும் என்றதும் அத்தையே தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். பிளேடைக் கழற்றி அதில் வைத்தோம். நான்கு பேர் மிஷினைத் தூக்கித் தலைமாடு கால்மாடாகத் திருப்பினோம். இப்போது பொட்டைக் கிழக்கே பார்த்து மாட்டினால், பல் சமர்த்தாக என்னைப் பார்த்தது. அண்ணாச்சி, "ரா தல்லி, ரா" என்று, வாம்மா வா எனத் தெலுங்கில் நட்டைக் கொஞ்சியபடியே முறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். பதினொன்று இருபதுக்குத் தேக்குப் பலகை வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. அத்தை குலவை போட்டார்.

ஆனால் அன்றோடு அண்ணாச்சியின் மானம் எங்கள் வீட்டில் கப்பலேறியது. சாணை பிடித்த பிளேடைக் கொண்டுவரும்போதெல்லாம் அத்தை அவருக்குக் காபி கொடுத்துப் பாடம் நடத்துகிறார். "அண்ணே, தொழில்ல இருக்கவுக திசை பாத்துச் சொல்லிக் குடுக்க வேண்டாமா? எம்மருமகனா இருக்கக்கண்டு சமாளிச்சாரு." வந்த வாடிக்கையாளரையெல்லாம் விரட்டுகிற அந்த மனிதர், "ஆமா தாயி, தெரியாமப் போச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டு காபியை ஆற்றுகிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தால், மேஜைக்கடியில் என் காலை ஓங்கி மிதிக்கிறார். உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. ஆனாலும் குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது.