ஆய்வகத்துத் தண்ணீரில் வெந்த பருப்பு

கீழக்கரை சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, கையில் ஒரு லிட்டர் பாட்டில். அதில் இருந்தது அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்திலேயே சுத்தமான தண்ணீர். இரண்டு முறை காய்ச்சி வடித்து, மதுரையிலிருந்து கேனில் வருவது. அந்தத் தண்ணீரை வீணாக்காமல் காப்பாற்றியதற்காகத்தான் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், மண்டபத்தில் கருவாட்டு மூட்டை தூக்கினேன். அங்கெல்லாம் தூங்கியதற்காகவோ சண்டை போட்டதற்காகவோ அனுப்பினார்கள். பொறுப்பாக நடந்துகொண்டதற்காக அனுப்பியது இங்கே மட்டும்தான்.

அது ஒரு சின்ன மருந்து ஆராய்ச்சிக்கூடம். நடத்தியவர் ஜமீலா மேடம், தொண்டிக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர்ப்பக்கமே திரும்பி வந்தவர். நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிற ஆள். வாசலில் வாட்ச்மேன் முனியாண்டி அண்ணன். அவ்வளவுதான் நிரந்தர ஆட்கள்.

என்ன மருந்து என்று ஒருநாள் கேட்டேன். மேடம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பயறு மாதிரி நாலு சுரப்பி இருக்கு தம்பி. ரத்தத்தில கால்சியம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க அதுல ஒரு காவக்காரன் உண்டு. நெறைய இருக்குன்னு அவன் சொன்னா சுரப்பி சும்மா இருக்கும். கிட்னி கெட்டவங்களுக்கு அது அடங்காது. எலும்பைக் கரைச்சுக் கால்சியத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"காவக்காரனை ஏமாத்தணும். ஒரு சின்ன மருந்து போயி அவன் மேல ஒட்டிக்கிட்டா, கொஞ்சூண்டு கால்சியத்தைப் பார்த்தே நெறைய வந்திருச்சுன்னு நினைச்சுக்குவான்."

"காவக்காரனை ஏமாத்தவா இம்புட்டுப் படிப்பு?" என்றார் முனியாண்டி அண்ணன். (அவரை ஏமாற்ற மருந்தெல்லாம் வேண்டாம். நிழலில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.)

மேடம் 'உம்மா' என்று கூப்பிடுகிற அவருடைய அம்மா தொண்டியிலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். காவக்காரனை ஏமாற்ற ஏற்கெனவே ஒரு மாத்திரை உண்டு. ஆனால் அது உம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தின்றதெல்லாம் வாந்தியாகிவிடும். வாந்தி வராத ஒன்றைத் தேடித்தான் மேடம் பன்னிரண்டு புது மருந்துகளைச் செய்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அந்தக் காவக்காரன் உள்ள உயிரணுக்களை வளர்த்த, குழி குழியான ஒரு தட்டில் மருந்தைச் சொட்டுவிட வேண்டும். காவக்காரன் ஏமாந்தால் அந்தக் குழி ஒளிரும். மாதக் கடைசிக்குள் ஒரு குழியாவது ஒளிர்ந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

இனி என் பொறுப்புணர்ச்சிக்கு வருகிறேன்.

நான் பிறந்த ஊரில் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, ஊர்விட்டு ஊர் தள்ளிக்கொண்டு போய்த்தான் நல்ல தண்ணீர் பிடிப்போம். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் கால் கழுவியதற்காக என் அய்யா என்னைத் தெருமுனைவரை விரட்டி அடித்திருக்கிறார். அப்படிப்பட்டவனிடம், மதுரைத் தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை அலசச் சொன்னார்கள். ஒரு மாதம் வயிறெரிய அலசினேன். ஐந்தாவது வாரம் பொறுக்க முடியவில்லை.

புதிதாக வந்த கேனைத் திறந்து, தண்ணீரைக் காலிக் கேன்கள் இரண்டில் மாற்றினேன். ஒன்று டீ போட. இன்னொன்று முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு. மதுரைக் கேனில் போர் தண்ணீரை நிரப்பி, மூடியை முன்பு போலவே திருகி, அதே இடத்தில் வைத்தேன். (ஒரு சொட்டு சிந்தவில்லை. இவ்வளவு நேர்த்தியாக என் வாழ்நாளில் வேறு எதையும் செய்ததில்லை.) செய்த நல்லதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் வருவதற்கு முன்பே, விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வந்து, அதே கேன் தண்ணீரில்தான் மேடம் மருந்தைக் கலக்குகிறார் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் சோதனை. திரையில் முதல் குழி ஒளிர்ந்தது. இரண்டாவதும் ஒளிர்ந்தது. பன்னிரண்டும் ஒளிர்ந்தன. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உடனே தொண்டிக்குப் போன் போட்டார்.

"உம்மா, பன்னெண்டும் எரியுதும்மா!"

"பன்னெண்டு மாத்திரையா திங்கணும்?" என்றது உம்மாவின் குரல். "ஒன்னுக்கே கொடலு வெளிய வருதுடி."

மேடம் சிரித்துக்கொண்டே பதின்மூன்றாவது குழியைப் பார்த்தார். மருந்தே கலக்காமல் வெறும் தண்ணீர் விட்ட குழி அது. இருட்டாகக் கிடக்க வேண்டும். அது மற்றவற்றோடு போட்டி போட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். மெஷினைக் கழற்றி மாட்டினார், புது உயிரணு வளர்த்தார், தன் கையையே சந்தேகப்பட்டார். சிட்டிகை மருந்து கரைந்துகொண்டே போனது. மேடம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்துத் தேற்றினேன்.

"டீ மட்டும் இந்த வாரம் நல்லாயிருக்கு தம்பி" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் முனியாண்டி அண்ணன் தூக்குவாளியோடு உள்ளே வந்தார்.

"ஏலே, நீ குடுத்த தண்ணில பருப்பு வெண்ணெயாட்டம் வெந்திருச்சுடா! வீட்டுத் தண்ணில பதினஞ்சு விசில் விட்டாலும் கல்லு மாதிரில்ல கெடக்கும்? இன்னொரு கேன் வருமான்னு ஒங்க மதினி கேக்குறா."

மேடத்தின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எந்தத் தண்ணி?"

"நம்ம மதுரைத் தண்ணிதான் மேடம்" என்றேன் பெருமையாக. "கழுவி ஊத்துறதுக்கு மனசு வரல. எடுத்து வச்சுட்டேன்."

"அப்ப அந்தக் கேன்ல என்ன இருக்கு?"

"போர் தண்ணி. கழுவத்தானேன்னு..."

எங்கள் பக்கம் சமைக்கத் தெரிந்த எவருக்கும் பருப்பு ஏன் வேகாது என்று தெரியும். தண்ணீரில் சுண்ணாம்பு. அதாவது கால்சியம். மேடம் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராம்நாட் போர் தண்ணியை மருந்துன்னு உம்மாகிட்ட சொல்லிட்டேனே தம்பி. காவக்காரன் மேல ஒரு தப்பும் இல்ல. கால்சியம் வருது வருதுன்னு நாலு நாளாக் கத்தியிருக்கான்."

"என் கடமைதானே மேடம்" என்றார் முனியாண்டி அண்ணன், நெஞ்சை நிமிர்த்தி.

எவ்வளவு மருந்து மிச்சம் என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவைக்கு" என்றார். அப்புறம், "உங்க மேல கோவம் இல்ல. ஆனா நீங்க இங்கன இருந்தா எனக்குக் கை நடுங்கும்" என்றார். வழிக்குக் குடிக்க ஒரு பாட்டிலில் அந்த மதுரைத் தண்ணீரையே ஊற்றித் தந்தார்.

கடைசிச் சிட்டிகையில் ஏழாவது மருந்து லேசாக ஒளிர்ந்ததாக முனியாண்டி அண்ணன் பிறகு போனில் சொன்னார். அதை வைத்துக்கொண்டு கூடம் இன்னும் நடக்கிறது. அது மாத்திரையாக இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. மீதிப் பதினொன்றும் எங்கே போயின என்று உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். கடலாடியில் என் அக்கா வீட்டில் பருப்பு வேகாத நாளெல்லாம், "எங்க அந்த விஞ்ஞானி? கேனை மாத்தி வைக்கச் சொல்லு" என்று அத்தான் குரல் கொடுப்பார்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு நடந்து, பஸ் ஏறி, வாலிநோக்கம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் உப்பளத்தில் வேலை கேட்டேன். மேஸ்திரி ஒரு பாத்தியைக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஏதோ பாளம் கட்டியிருந்தது.

"ஜிப்சம். உப்பு விளையிறதுக்கு முன்னாடி இதுதான் படியும். சொரண்டி எடுத்துரணும். உப்புப் பாத்திக்குள்ள கலக்கவே கூடாது."

"ஜிப்சம்னா என்னண்ணே?"

"கால்சியம்ப்பா."

மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்.

"தண்ணில கால்சியம் கலக்காமப் பாத்துக்கிறதுதான் உன் வேலை. முன்னப் பின்ன செஞ்சிருக்கியா?"

"அந்த வேலையிலதாண்ணே நேத்து வரைக்கும் இருந்தேன்" என்றேன்.