குன்வோரின் புதன்கிழமைச் சலவை

குழாய் மறுபடியும் தட்டப்பட்டது. குன்வோர் அக்கார்டியனின் துருத்தியை அப்படியே நிறுத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுமடல்கள்தான் சிவக்கும். இப்போது இரண்டும் சிவந்திருந்தன.

அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் அவள் உட்கார்ந்திருந்த பொதுச் சலவையறைக்கு நேர் மேலே குடியிருந்தவர் ஹுல்ட்கிரென். கோத்தன்பர்க் நகரில் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். யார் சைக்கிளைக் கோணலாக நிறுத்தினாலும், யார் உலர்த்தியில் சேரும் துணிப்பஞ்சை எடுக்காமல் போனாலும் சுவரில் காகிதம் ஒட்டிவிடுவார். அவர் வீட்டு வெந்நீர்க் குழாய் இந்த அறை வழியாகத்தான் மேலே ஏறியது. இரும்பால் ஆன எதையோ வைத்து அதைத் தட்டினார்.

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் அக்கார்டியனை எடுத்தால் சின்னவள் டூவெ துருத்தியின் மேல் ஏறி உட்காருவாள். மூத்தவன் யெஸ்பெர் கால்பந்துக் காலுறை எங்கே என்பான். ஒருமுறை குளியலறையில் தாழிட்டுக்கொண்டு வாசித்தாள். கணவன் சிக்ஸ்டன் கதவுக்கு வெளியே நின்று வெண்ணெய் எங்கே என்று கேட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெண்ணெய் ஒரே இடத்தில்தான் இருந்தது.

ஆனால் சலவை முறை என்பது வேறு விஷயம். சலவை நேரங்கள் குறித்த பலகையில் தன் பூட்டை மாட்டி ஒருவர் பிடித்துவைத்த நேரத்தில் இன்னொருவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதுகூடக் கிடையாது. தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போகிறவர்கள்கூட அடுத்தவர் சலவை நேரத்தில் கை வைக்க மாட்டார்கள். அதனால் புதன்கிழமை மாலைகளைப் பிடித்துக்கொண்டாள். அழுக்குக் கூடையில் விரிப்புகளுக்கு அடியில் அக்கார்டியன் கீழே இறங்கியது.

அவள் ஒரு வால்ட்ஸ் நடன இசை அமைத்துக்கொண்டிருந்தாள். முன்பாதி துள்ளலாக வந்துவிட்டது. பின்பாதி மெல்லியது, அவளுக்குப் பிடித்ததும் அதுதான். நடுக்கோடைத் திருநாளில் முற்றத்தில் நடும் பூக்கம்பத்தைச் சுற்றி ஆடுவதற்கு வழக்கமாக வாசிப்பவர் ஊர் மாறிப் போயிருந்தார். தான் வாசிப்பதாக அவள் குடியிருப்போர் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். இல்லையென்றால் ஒலிநாடாதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பின்பாதிக்கு வந்து சேரும்போது குழாய் தட்டப்பட்டது.

சத்தம் மேலே போகிறது என்று முடிவுகட்டி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததோடு இரண்டாவது துவைக்கும் இயந்திரத்தையும் ஓடவிட்டாள். தட்டல் பலமானது. அடுத்த வாரம் பிழியும் இயந்திரத்தைச் சேர்த்துக்கொண்டாள். அது தரையில் குதித்துக்கொண்டே நகர்ந்தது. மேலே அவர் ஆயுதத்தை மாற்றியிருந்தார். இப்போது வாணலி மாதிரிக் கேட்டது.

இயந்திரங்கள் ஓடத் துணி வேண்டுமே. துவைத்த துண்டுகளையே மறுபடி துவைத்தாள். அவை சல்லடையாகின. திரைச்சீலைகள் வெளுத்தன. ஒரு புதன்கிழமை கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டதில், சிக்ஸ்டனின் அக்கா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையும் போய்விட்டது. வெளியே வந்தபோது அது டூவெக்கே கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

சிக்ஸ்டன் அதைத் தன் மார்போடு வைத்துப் பார்த்தான்.

"நீ பெருத்துட்டே" என்றாள் குன்வோர்.

அவன் நல்லவன். அதுதான் தொல்லை. மனைவி துவைத்தே தேய்ந்துபோகிறாள் என்று அவன் மனம் உருகிவிட்டது. அலுவலகத்தில் சொன்னான், தன் அக்காவிடம் சொன்னான், கடைசியில் அவளிடமே வந்து நின்றான்.

"இனிமே புதன்கிழமை நான் துவைக்கிறேன். நீ பசங்களோட நிம்மதியா உக்காரு."

"என் சலவையில கை வச்சே, அப்புறம் நடக்கிறதே வேற."

"உதவி பண்றேன்னு சொன்னா இவ்வளவு கோவமா?"

"உதவின்னா வெண்ணெயைத் தேடிக் கண்டுபிடி."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். நடுக்கோடைக்கு முன் இதுதான் கடைசிப் புதன்கிழமை. இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், பிழியும் இயந்திரம், உலர்த்தும் அலமாரி, விரிப்பு தேய்க்கும் உருளை என்று அறையில் சுழலக்கூடிய எல்லாவற்றையும் திருகிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். முன்பாதி முடிந்தது. பின்பாதியின் முதல் சுரத்தில் கை வைத்தாள். மேலே வாணலி விழ ஆரம்பித்தது. அவள் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கட்டடத்தின் ஃபியூஸே போயிற்று.

இருட்டு. எல்லா இயந்திரங்களும் முனகி அடங்கின. பயத்தில் அவள் விரல்களும் நின்றுவிட்டன. பொட்டுச் சத்தமில்லை.

அந்த அமைதியில், குழாய் மறுபடி தட்டப்பட்டது.

சத்தமே இல்லாதபோதும் தட்டுகிறானே இந்த மனுஷன். அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அக்கார்டியன் மார்பில் தொங்கத் தொங்கப் படியேறினாள். ஹுல்ட்கிரெனின் கதவு திறந்துதான் இருந்தது. அவ்வளவு கோபத்திலும் மரச்செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் கையில் வாணலி இருந்தது. சமையலறை நாற்காலி குழாயோடு ஒட்டினாற்போல் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

வாரக்கணக்கில் சேர்ந்ததையெல்லாம் அவள் கொட்டினாள். அவருடைய காகிதங்களை, பஞ்சை, சைக்கிள்களைச் சொன்னாள். தன் பிள்ளைகளை, வெண்ணெயை, நாசமாய்ப் போன கம்பளிச் சட்டையைச் சொன்னாள். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, அதையும் ஒரு மனுஷி பிச்சை எடுக்கவேண்டுமா என்று கேட்டாள். இந்தாரும், நாளைக்கே இந்தப் பெட்டியை விற்றுவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்கும் என்றாள்.

ஹுல்ட்கிரெனின் முகம் அவள் காதுகளைவிடச் சிவந்திருந்தது. வாணலியை அடுப்பின் மேல் நங்கென்று வைத்தார்.

"அந்த மெஷினுங்களை நிறுத்துன்னுதானேம்மா இத்தனை நாளாத் தட்டுறேன், இன்னைக்குத்தான் கரண்டு போச்சு, பின்பாதியை முழுசாக் கேட்டுடலாம்னு உக்காந்தா, நீயும் நிறுத்திட்டியே!"