இஸ்பேட் அக்காவும் டைமன் ஏழும்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டும் வரைக்கும் இருக்கிற அத்தனை கம்பெனி ஆட்களையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, 'கூட இருப்பவர்களின் உயிரை அதிகம் வாங்கியவர் யார்?' என்று போட்டி வைத்தால் இஸ்பேட் அக்காவுக்குத்தான் முதல் பரிசு. வாங்கிய கையோடு கோப்பையை மறைத்துவிட்டு, "எங்க போச்சு, சொல்லு பாப்போம்?" என்று நடுவரையே கேட்டிருப்பாள்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் ஹாஸ்டல். கல்யாண மண்டபமாகக் கட்டப்பட்டது. இந்த ஊரில் முகூர்த்தங்களைவிட ஷிப்டுகள் அதிகம் என்பது ஓனருக்கு உறைத்ததும், இரும்புக் கட்டில்களை இறக்கி லேடீஸ் ஹாஸ்டல் ஆக்கிவிட்டார். எங்கள் அறை வாசலில் 'மணமகள் அறை' என்ற பலகை அப்படியே இருந்தது. உள்ளே எட்டு மணமகள்கள், ஒரு ஃபேன். பந்தி ஹால்தான் மெஸ். யாரைப் பார்க்க யார் வந்தாலும் மணமேடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

டிப்ளமா முடித்த சூட்டோடு, கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் குவாலிட்டி ட்ரெய்னியாகச் சேர்ந்து நான் அங்கே போனேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மேல் கட்டிலிலிருந்து ஒரு கை இறங்கியது. கையில் விசிறி மாதிரி விரிந்த சீட்டுக் கட்டு. அதன் பின்னால் தலைகீழாக ஒரு முகம்.

"ஒரு சீட்டு எடு."

"நான் இன்னும் செருப்பே கழட்டலக்கா."

"கழட்டிட்டு எடு."

எடுத்தேன், பார்த்தேன், திருப்பிச் செருகினேன். கட்டைச் சரசரவென்று கலைத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உன் சீட்டு இதுல இல்ல. கழுத்துல மாட்டிகினு கீறியே ஐ.டி. கார்டு, அதுக்குப் பின்னாடி பாரு" என்றாள். பார்த்தால், உறைக்குள் கிளாவர் ஜாக்கி மீசையோடு நிற்கிறான்! கூவி விட்டேன்.

கீழ்க் கட்டிலில் போர்வைக்குள் இருந்து தென்காசிக்காரி தலையை நீட்டினாள். "அய்யோ, கத்திட்டியாட்டி? போச்சு. ஒரு தடவ வாயப் பொளந்துட்டா பொறவு அவ ஒன்ன விடவே மாட்டா. நாங்கள்லாம் பட்டுத் தெளிஞ்சு முகத்தக் கல்லு மாதிரி வச்சிக்கிட்டு இருக்கோம், தெரியும்லா?"

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று ஒரே வாரத்தில் தெரிந்தது. பல் துலக்கும்போது சீட்டு எடுக்கச் சொல்வாள். கம்பெனி பஸ்ஸில் ஒரு காலில் தொங்கும்போது சொல்வாள். ஒருநாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்து, "அக்கா, ஒரு மாத்திரை இருந்தா குடுங்க" என்று கெஞ்சினேன். வெறுங்கையை விரித்துக் காட்டினாள். பிறகு என் காதுக்குப் பின்னாலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் முளைத்த மாத்திரையை எந்த நம்பிக்கையில் முழுங்குவது?

அவளுடைய நிஜப் பெயர் கம்பெனி கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு இஸ்பேட் அக்காதான். லைனில் அவள் ஒயருக்கு டேப் சுற்றுகிற வேகத்தைப் பார்க்கவே ஆடிட்டுக்கு வருகிறவர்கள் நின்று போவார்கள். அந்த விரல்கள் வேலை நேரம் முடிந்தாலும் அடங்காது. அதுதான் எங்கள் தலைவிதி.

வித்தை கற்றுக்கொண்டது போனில். ஏதோ ஒரு வெள்ளைக்காரர் மூக்கால் பேசிக்கொண்டே பாடம் நடத்துவார். அக்காவுக்கு அவர் கை புரியும், வாய் புரியாது. "ஏய் ட்ரெய்னி, இவன் இன்னா சொல்றான்?" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். 'ரெண்டு சீட்டை ஒண்ணு மாதிரி சேத்துத் தூக்கணுமாம். சுண்டு விரலால முன்னாடியே லேசா பிரிச்சு வெச்சுக்கணுமாம்' என்று நான் மொழிபெயர்ப்பேன். மறுநாள் அதே வித்தையை என்னிடமே செய்து காட்டுவாள். ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தவளும் நான். அதைப் பார்த்து அதிசயப்பட வேண்டியவளும் நான். அதிசயத்தில் கொஞ்சம் குறை வைத்தாலும், "மூஞ்சி செட்டாவல. திரும்பப் பாரு" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வித்தை சரியாக வந்தாலே இந்தப் பாடு. தப்பினால் நாங்கள் தொலைந்தோம். எங்கள் கம்பெனியில் ஒரு ஒயர் தப்பாகப் போனால்கூட உட்கார்ந்து 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டு வேர்க் காரணத்தைத் தோண்டி எடுப்பார்கள். அக்கா அந்த வழக்கத்தை அப்படியே அறைக்குக் கொண்டுவந்து விட்டாள்.

"சீட்டு ஏன் நழுவுச்சு?"

"கை வேர்த்துச்சு."

"கை ஏன் வேர்த்துச்சு?"

"ஃபேன் நின்னுச்சு."

"ஃபேன் ஏன் நின்னுச்சு?"

"பியூஸ் போச்சு."

"பியூஸ் ஏன் போச்சு?"

எல்லோரும் தென்காசிக்காரியைப் பார்த்தோம். அவள் கையில் இஸ்திரிப் பெட்டி.

"ஏ, இவளுக்கு வித்த வராததுக்கு நான் சுடிதார் தேய்ச்சதுதான் காரணமாக்கும்?" என்று அவள் குதித்தாள். பயனில்லை. அன்று முதல் மணமகள் அறையில், அக்கா பயிற்சி செய்யும் நேரத்தில், இஸ்திரி போடத் தடை.

அடுத்து பார்சல்கள் வர ஆரம்பித்தன. வித்தைக்காரர்களுக்கென்றே சாமான் விற்கிற கடை ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்து விட்டாள். விதவிதமான சீட்டுக் கட்டுகள், கண்ணுக்குத் தெரியாத நூல். கூடவே பிளாஸ்டிக் கட்டைவிரல் ஒன்று. நிஜ விரலின் மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, உள்ளே கைக்குட்டையை ஒளிக்கலாம். நிறம், நகம், ரேகை எல்லாம் அச்சு அசல் விரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வாளியில் கரண்டியை விட்ட வார்டன் அம்மா, முருங்கைக்காயோடு அந்த விரலையும் மேலே தூக்கினார்.

வேறு எந்த ஊர் ஹாஸ்டலாக இருந்தாலும் சமையல்காரரைத்தான் பிடித்திருப்பார்கள். இங்கே இருப்பது எண்பது தொழிற்சாலைப் பெண்கள். எங்கள் மூளை வேறு மாதிரி பழக்கப்பட்டது. "ஆக்சிடெண்ட்!" என்று ஒருத்தி கத்தினாள். "எந்த ப்ரெஸ் மெஷின்?" என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி விரலை ஐஸில் வைக்க வேண்டும் என்று ஐஸ் தேடிப் போனாள். வார்டன் அம்மா விசில் ஊத, மொத்த ஹாஸ்டலும் நைட்டியோடு வாசல் வேப்பமரத்தடியில் கூடி வரிசையாக நின்றது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொல்லி, வார்டன் அம்மா ஒவ்வொருத்தியின் கட்டைவிரலாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ரோட்டில் போன வேன் டிரைவர் ஏதோ போராட்டம் என்று நினைத்து ஹாரன் அடித்து ஆதரவு தெரிவித்துவிட்டுப் போனார்.

வரிசையின் கடைசியில் அக்கா. கையைத் தூக்கியபடியே சொன்னாள்: "அம்மா, அது என்துதான். ஆனா எனக்கு ரெண்டும் கீது."

வார்டன் அம்மா அன்று கேட்டதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது.

இத்தனைக்கும் நடுவில் அக்கா செய்த பெரிய காரியம், விரித்த சீட்டுக் கட்டோடு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதுதான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய சித்தி அதைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் 'உன் பொண்ணு ஹாஸ்டல்ல சீட்டாடுறா' என்று அப்பா காதுக்குப் போய்விட்டது.

அந்த வீட்டில் அது சாதாரணச் சேதி இல்லை. அக்காவின் பெரியப்பா ரம்மி ஆடியே கிணற்றோடு நிலத்தைத் தோற்றவர். அதற்குப் பிறகு அந்த வாசற்படிக்குள் சீட்டு நுழைந்ததில்லை. அப்பா போனில் சொன்னது இரண்டே வாக்கியம். "ஞாயித்துக்கெழம வரேன். துணிமணியக் கட்டி வையி."

அக்காவின் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. அந்த வேலையைப் பிடிக்க அவள் வீட்டில் எவ்வளவு போராடினாள் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போனால் அதோடு சரி, கதவு மூடிவிடும்.

நான் தலைமை தாங்கித் திட்டம் போட்டேன். அறையில் ஒரு சீட்டுகூடக் கண்ணில் படக் கூடாது. தலையணை உறை, டிரங்குப் பெட்டி, சோப்புத்தூள் டப்பா என்று கட்டுகளையெல்லாம் ஒளித்தோம். ஞாயிறு காலை அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒயர் கூடை. மேடையில் உட்கார வைத்தோம். புழுக்கமாக இருக்கிறதே என்று வார்டன் அம்மா ஃபேனைப் போட்டார்.

எப்போதோ வித்தை காட்டும்போது காணாமல் போன சீட்டு, ஆட்டின் ராஜா, அந்த ஃபேன் இறக்கை மேல்தான் இத்தனை நாளும் குடியிருந்திருக்கிறார். சுழன்று சுழன்று வந்து அப்பாவின் மடியில் இறங்கினார்.

அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"சீட்டாடுறியாமா?"

"ஆட மாட்டேம்பா. எடுக்கச் சொல்லுவேன்."

"அங்கிள், இது கேம்பிளிங் இல்ல, மேஜிக். ஒரு கலை…" என்று நான் பாய்ந்தேன்.

"படிச்ச பொண்ணு மாதிரி கீற. நீயும் கூட சேந்து ஆடுறியா?" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கெளம்புமா. பஸ்ஸு போயிடும்."

அக்கா அசையவில்லை. துப்பட்டா மடிப்பிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். அத்தனையையும் ஒளித்தேன், இது எங்கிருந்து வந்தது? "ஒரே ஒரு சீட்டு எடுப்பா. அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன்."

அவர் கையால் தொட மறுத்தார். கடைசியில் துண்டு நுனியால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போல ஒரு சீட்டை உருவினார். டைமன் ஏழு. பின்னால் நின்ற எங்களுக்கும் தெரிந்தது. திருப்பிச் செருகினார்.

எனக்கு நிம்மதி வந்தது. இந்த வித்தையில் அக்கா சறுக்கியதே இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வாள்.

கலைத்தாள். பாதிச் சீட்டு தரையில் கொட்டியது. பொறுக்கினாள். "இதானேப்பா?" இஸ்பேட் நாலு. இல்லை என்றார். "இது?" கிளாவர் ஒன்பது. இல்லை. "அப்ப இது?" ஜோக்கர். தென்காசிக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டாள்.

அப்பாவின் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உங்க பெரியப்பன் கையில சீட்டு பாம்பு மாறி வளையும்மா. அதப் பாத்துப் பாத்துத்தான் சீட்டுன்னாலே எனக்கு பயம். நீ இன்னாடான்னா சீட்டப் புடிக்கவே தெரியாம கீற. இந்தக் கைய வெச்சிகினு உன்னால சூதாட முடியாது. எவன் உன்ன ஆட்டத்துல சேப்பான்?"

கூடையிலிருந்து வேர்க்கடலையையும் முறுக்கையும் எடுத்து வைத்தார். "வேலைய ஒழுங்காப் பாரு" என்றார். அக்கா அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனாள்.

திரும்பி வந்ததும் எட்டுப் பேரும் முறுக்கோடு கொண்டாடினோம். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. "எப்பவும் தப்பாத வித்தை இன்னைக்கு எப்படிக்கா தப்பாச்சு? பயமா?"

அக்கா முறுக்கைக் கடித்தபடி சொன்னாள்: "தப்பாவலடி. அது அவரு சட்டப் பாக்கெட்ல கீது."

"என்னது?"

"சரியாக் காட்டியிருந்தா பெரியப்பன் ஞாபகம்தான் வந்திருக்கும், பயந்திருப்பாரு. அதான் சொதப்புனேன். ஆனா, எனக்கு ஒண்ணுமே வராதுன்னு நெனச்சிகினே அப்பா வூட்டுக்குப் போனா எப்டிடி?"

அவளை அடிக்கலாமா, அவள் காலில் விழலாமா என்றே புரியவில்லை. அத்தனை பேர் சேர்ந்து, ஃபேனிலிருந்து விழுந்த ராஜாவையும் தாண்டி, கடவுள் புண்ணியத்தில் பிழைத்த வேலை! இப்போது அந்தச் சீட்டை அவர் பாக்கெட்டில் வெடிகுண்டு மாதிரி வைத்து அனுப்பியிருக்கிறாள். "உனக்கு மூளை இருக்காக்கா? பஸ் ஸ்டாண்டுல டீக்குக் காசு எடுக்கக் கையை விடுவார், அப்படியே திரும்பி வந்து உன்னை இழுத்துட்டுப் போவார்!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

அப்பா. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்து. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் 'காஞ்சிபுரம், காஞ்சிபுரம்' என்று கண்டக்டர் குரல்.

"எம்மா… பாக்கெட்ல அந்த ஏழு கீது."

"ஆமாப்பா."

"நான் துண்டாலதானே புடிச்சேன்?"

"ஆமாப்பா."

"எப்ப வெச்ச?"

"அத சொல்லக் கூடாதுப்பா."

தென்காசிக்காரி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"உங்க பெரியப்பனுக்கு இது வராதும்மா" என்றது போன். "சத்தியமா வராது. பொங்கலுக்கு வரும்போது அந்தக் கட்ட எடுத்துகினு வா. உங்கம்மாவும் பாக்கட்டும். கதவ சாத்திகினு காட்டு, இன்னா?"

அக்கா 'சரிப்பா' என்றாளா என்றுகூட எங்களுக்குக் கேட்கவில்லை. போனை வைத்ததும் வழக்கம்போல விரல்கள் கட்டைத் தேடிப் போயின. எடுத்த வேகத்தில் அத்தனையும் சிதறின. இந்த முறை அவள் நடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்கு இடையில், முறுக்குத் தூளுக்குள் என்று எல்லோரும் முட்டி போட்டுச் சீட்டுப் பொறுக்கினோம். நான்கூட முணுமுணுக்கவில்லை. அடுக்கிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. அது வந்தவாசியைப் பார்த்து, ஏதோ ஒரு பஸ்ஸில், ஒரு வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் போய்க்கொண்டிருந்தது.