சாட்சிக்கு வந்த சில்லி போத்தல்

ஆண் இனத்தின் முதுகெலும்பு உருகிப்போனதற்கு ஒரே காரணம் இடைக்கால ஜீவனாம்சம்தான் என்பது ஃபூங் காம் வாவின் ஆய்வு முடிவு. மலேசியாவின் ஈப்போவில், ஒரு கோப்பிக் கடையின் மூலையில் கோழிச் சோறு விற்றபடியே இந்த ஆய்வை அவர் செய்து முடித்திருந்தார்.

"வழக்கு முடியறதுக்கு முன்னாடியே காசாம். ஆட்டம் பாதியில இருக்கும்போதே கோப்பையைத் தூக்கிக் குடுக்கற மாதிரி. என்கிட்ட நடக்காது."

ஆய்வுக்கு உதாரணமாக, அதே கடையில் கோப்பி கலக்கும் ஆ பாவ் இருந்தான். ஒவ்வொரு முதல் தேதியும் அவன் ஏப்ரனைக் கழற்றி, கை கழுவி, தலை சீவிக்கொண்டு, பிரிந்துபோன மனைவியின் கணக்கில் பணம் போட பேங்குக்குப் போவான். 'மாப்பிள்ளை பொண்ணு பாக்கக் கிளம்பிட்டாரு' என்று சோற்றோடு சேர்த்து அவனையும் வாடிக்கையாளர்களுக்குப் பரிமாறுவது காம் வாவின் வழக்கம்.

காம் வாவின் மனைவி சூக் லெங் வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. காரணம், புதுப் பெயர்ப்பலகை. இருபத்திரண்டு வருடம் இருவரும் சேர்ந்து நடத்திய கடைக்கு காம் வா மாட்டிய பலகையில் அவர் பெயர் இருந்தது, அவர் படம் இருந்தது, ஒரு கோழியின் படமும் இருந்தது.

"கோழிக்குக் கிடைச்ச மரியாதைகூட எனக்கில்லையா?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போன சூக் லெங், விவாகரத்து வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை மாதம் தொள்ளாயிரம் வெள்ளி கேட்டு ஒரு மனுவும் போட்டார்.

பதில் மனு எழுத உட்கார்ந்த வக்கீல் மிஸ் இயோ, கடையில் மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல. தொட்டுக்கற சில்லி அரைப்பா."

அது அப்படியே சத்திய வாக்குமூலத்தில் ஏறியது. மனைவியின் பங்களிப்பு: சில்லி மட்டும்.

வாடிக்கையாளர்கள் அந்த வாக்குமூலத்தைப் படிக்கவில்லை. அவர்கள் இத்தனை வருடமும் சில்லிக்காகத்தான் கோழியைப் பொறுத்துக்கொண்டு வந்தார்கள் என்பது இப்போதுதான் தெரியவந்தது. காம் வா தானே சில்லி அரைத்துப் பார்த்தார். தினமும் வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு வாய் வைத்துவிட்டு, பார்லித் தண்ணீர் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, கும்பிடாத குறையாக எழுந்து போனார். அடுத்து காம் வா பேரங்காடியில் விற்கும் சில்லியை வாங்கி ஊற்றினார். ஆட்கள் அதைத் தொட்டுவிட்டு, வீடு மாறி நுழைந்துவிட்டவர்கள் மாதிரி பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மதிய வரிசை ஏழு பேராக இளைத்த நாளில்தான், வேனில் முளைப்பயறு கொண்டுவந்து போடும் சானி ஒரு போத்தலை நீட்டினார்.

"மெங்லெம்புல ஒருத்தவங்க வீட்ல செய்றாங்க மொதலாளி. பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். போத்தல் எட்டு வெள்ளி."

காம் வா விரலில் தொட்டு நக்கினார். கண்ணை மூடினார்.

"இது சில்லி. என் பொண்டாட்டி சில்லில எப்பவும் உப்பு தூக்கலா இருக்கும். இதைப் பாரு, அளவா இருக்கு."

சானி வானத்தைப் பார்த்தார்.

தினமும் ஐந்து போத்தல். ஒரே வாரத்தில் வரிசை தெருவுக்கு வந்தது. காம் வாவுக்கு அது போதவில்லை. மனைவியின் சில்லி இல்லாமலும் கடை ஓடுகிறது என்று துணை வாக்குமூலம் ஒன்று தாக்கல் செய்து, ஆதாரமாக ஒரு போத்தலையும் கோர்ட்டுக்கு எடுத்துப்போனார். மிஸ் இயோ வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

நீதிபதி அம்மா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மனைவி அரைச்சதைவிட இது நல்லா இருக்குன்னு சத்தியமா சொல்றீங்களா?"

"பல மடங்கு, யுவர் ஆனர்."

எதிர் பெஞ்சில் சூக் லெங் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று காம் வாவுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. ஆனாலும் முதுகெலும்பை நிமிர்த்திக்கொண்டார்.

சூக் லெங்கின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் தொடங்கிவிட்டதாகவும், தொழில் நன்றாகப் போவதால் இடைக்கால மனுவைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார்.

அன்று கோப்பிக் கடையில் எல்லாருக்கும் காம் வா கணக்கில் கோப்பி. "தையல் தொழிலாத்தான் இருக்கும். அவளுக்குப் பட்டன்கூட தைக்கத் தெரியாது. யாரு தலையில கட்றாளோ, பாவம் அந்த இளிச்சவாயன்," என்றார். ஆ பாவிடம், ஒரு காசு கட்டாமல் ஜெயித்த ஆளைக் கண்ணாரப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் சானி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். போத்தல் இனிமேல் பன்னிரண்டு வெள்ளியாம்.

"என்ன திடீர்னு?"

"அவங்க சில்லியை ஒருத்தர் சபையில ரொம்பப் புகழ்ந்துட்டாராம். அப்புறம், என் கையில காசு குடுக்க வேணாமாம். மாசக் கணக்கை முதல் தேதி பேங்குல போட்டுடணுமாம்." ஒரு சீட்டை நீட்டினார். அதில் கணக்கு எண் மட்டும் இருந்தது.

முதல் தேதி வந்தது. காம் வா ஏப்ரனைக் கழற்றினார். கோழி வாடை போகும்வரை கை கழுவினார். பேங்கில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தலையையும் சீவிக்கொண்டார்.

வரிசையில் அவருக்கு முன்னால் ஆ பாவ் நின்றான். திரும்பி, சீவிய தலையைப் பார்த்தான்.

"என்ன பாக்கற? இது வியாபாரம்."

"நான் ஒண்ணும் கேக்கலையே, அண்ணே."

கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கி எண்ணைத் தட்டினாள்.

"ஆயிரத்து ஐந்நூத்து அறுபது வெள்ளி. சான் சூக் லெங் கணக்கு. பேரு சரிதானே, அங்கிள்?"

காம் வா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதியக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கலைந்திருந்த ஒரு முடியைக் கையால் படிய வைத்துவிட்டு, பணத்தை உள்ளே தள்ளினார்.